இடது கைப் பொத்தான்

1986 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை பத்தே கால். ஓசூரில் சாரல்.

தகடு வெட்டும் எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் ஒன்றாக அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. நானோ இடது பொத்தானில் தீக்குச்சியைச் செருகிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டினேன். மணிக்கு நாற்பது தகடு கூடுதலாக வந்தது. மனைவியிடம் மட்டும் பதினோரு மாதமாக, "ரெண்டு கையாலதான் அழுத்தறேன்" என்று சொல்லிவந்தேன்.

அன்று ஒரு தகடு கோணலாக விழுந்தது. இடது கையால் அதை நேராக்கும்போதே வலது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. வெடுக்கென்று இழுத்தேன். கையுறையின் இரண்டு விரல்கள் அச்சுக்குள் நசுங்கிக் கிடந்தன. என் விரல்களும் அதற்குள் இருக்குமோ? பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினேன். நான்கு இருந்தன.

வீட்டில் கிழிந்த கையுறையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "இனிமே சத்தியமா ரெண்டு கையாலதான்."

"இத்தனை நாளும் அதைத்தானே சொன்னீங்க? கையை நீட்டுங்க."

பத்து விரலையும் தொட்டு எண்ணினாள். நான் ஓய்வுபெறும்வரை தினமும் வாசலிலேயே எண்ணினாள், அதன் பிறகுதான் காப்பி. தீக்குச்சியை மறுபடி நான் தொடவில்லை.

கையுறைக்காகச் சம்பளத்தில் பிடித்தது நாலரை ரூபாய்.