மாரியம்மா அக்கா வளைவு

துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசினுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் ஷாமினி. கையில் சோற்றுப்பானை மூடி. கண்கள் மூடியிருக்கின்றன. மூடியை இடப்பக்கம் மெல்லத் திருப்பியபடி, "மாரியம்மா அக்கா… இன்னும் மாரியம்மா அக்கா… இன்னும் முடியல…" என்று முணுமுணுக்கிறாள். அம்மா குமுதா பேசினைச் சுற்றிக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டு போகிறார்.

மலேசியாவின் ஈப்போ நகரில், குனோங் ராபாட் வரிசை வீட்டுக்குள் இந்தப் பதினேழு வயதுப் பெண் செப்பாங் பந்தயத் தடத்தைத் தினமும் இருபது சுற்று ஓட்டுகிறாள். தடத்தில் பதினைந்து வளைவுகள். மற்ற ஓட்டுநர்கள் அவற்றை எண் சொல்லி அழைப்பார்கள். ஷாமினிக்கு எண் நினைவில் நிற்காது. தன் கைப்பேசி எண்ணையே அம்மாவிடம் கேட்பவள். அதனால் ஒன்பது வயதில் கோகார்ட் என்னும் குட்டிப் பந்தயக் கார் ஓட்டத் தொடங்கியபோதே வளைவுகளுக்குத் தெருக்காரர்களின் பெயரை வைத்துவிட்டாள். செப்பாங்கிலும் அதே ஆட்கள்தான். சட்டென்று பிரேக் போடவேண்டிய கடைசி வளைவு, தெருமுனையில் லாரியைக் குறுக்கே நிறுத்தும் ராஜு அண்ணன். முடியவே முடியாத ஐந்தாவது வளைவு, எதிர்வீட்டு மாரியம்மா. அவர் பேச்சும் அப்படித்தான்.

அப்பா தர்மாவுக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் கோகார்ட்டை வேனில் ஏற்றுவார். ஷாமினிக்குப் பதின்மூன்று வயதில் இளையோர் பட்டம், பதினைந்தில் மூத்தோர் பட்டம். கோகார்ட்டில் ரேடியோ கிடையாது. அவள் வளைவுகளை எப்படி அழைக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஃபார்முலா 4 அணியில் சேர்ந்தபோதுதான் வம்பு வந்தது.

அணியின் பொறியாளர் மிதுலன், ஈப்போவில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். ரேடியோவில் எண் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றார். ஷாமினியும் முயன்றாள். எண்ணை யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். முதல் பந்தயத்தில் பன்னிரண்டாம் இடம், அடுத்ததில் பதினான்கு. மூன்றாவதில், கார் எங்கே வழுக்குகிறது என்று அவர் மூன்று முறை கேட்டபிறகு, தனேஷ் வீட்டு வாசல்கிட்ட என்று பதில் வந்தது. மறுநாள் மிதுலன் ஒரு வெள்ளைத்தாளுடன் வந்து பதினைந்து பெயர்களையும் வரிசையாக எழுதி, கணினிக்கு மேலே ஒட்டினார். இரண்டு தனேஷ் இருந்ததால் ஒருவருக்கு இனிஷியல் கேட்டார்.

கடைசிப் பந்தயம். முதல் மூன்று பேருக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டும் அணியில் இடம். ஷாமினி ஆறாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். நான்கு சுற்று மிச்சம் இருக்கையில் மழை பிடித்தது. முன்னால் போன ஐவரில் நால்வர் மழை டயர் மாற்ற உள்ளே திரும்பினார்கள். மிதுலன் தடத்தின் நிலவரம் கேட்டார்.

"மாரியம்மா அக்காகிட்ட மட்டுந்தான் தூறுது அண்ணே. ராஜு அண்ணே நல்லா காஞ்சுதான் இருக்கிறாரு."

மிதுலன் தாளைப் பார்த்தார். "அப்ப உள்ளுக்கு வர வேண்டாம். அக்காவிட்ட மட்டும் மெதுவாப் போங்கோ."

தூறல் அந்த வளைவைத் தாண்டி வரவில்லை. டயர் மாற்றிய நால்வரும் காய்ந்த தடத்தில் தடுமாறினார்கள். ஷாமினி இரண்டாவதாக வந்தாள். அணியில் இடமும் உறுதியானது.

ஆனால் அந்த ரேடியோப் பேச்சு நேரலையில் போயிருந்தது. மறுநாள் மாலை, பத்திரிகைப் பேட்டிக்காக நான் அந்த வீட்டில் இருக்கும்போதே மாரியம்மா வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். வாழ்த்துச் சொல்லவில்லை.

"ஏன்லா, அந்த எடத்துக்கு என் பேர வெச்ச?"

மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் அசராத பெண் ஓரடி பின்வாங்கினாள்.

"அங்கதான்க்கா நான் ஆளுங்கள முந்துவேன்."

பொய்யில்லை, இந்த ஆண்டு இரண்டு பேரை அங்கே முந்தியிருக்கிறாள். மாரியம்மாவின் முகம் மலர்ந்தது. கேட்டின் மேல் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டு, ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் தம்பி மகன் மோட்டார்சைக்கிளில் எப்படிப் பறப்பான் என்று தொடங்கினார். அங்கிருந்து அவன் கல்யாணம், அங்கிருந்து பெண்வீட்டார், பெண்வீட்டாரின் மீன்பிடிப் படகு. இருபது நிமிடம் ஆனது. ஷாமினி மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே, ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல், செருப்புக்குள் வலது காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.