நான் திருப்பி வாங்கிய எள்ளுருண்டை

என் வீட்டு அலமாரியில் எப்போதும் பிறத்தியார் ஜாக்கெட்டுகள்தான் இருக்கும். சின்னமனூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். புதுத்துணியோடு ஒரு அளவு ஜாக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போட்டு, வேர்த்து, துவைத்து, உடம்போடு பழகிப்போன பழைய ஜாக்கெட். தெருவில் எவளுக்கு இடது தோள் இறக்கம், எவள் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு அங்குலம் பெருத்தாள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருத்தி உடுத்திய துணி இன்னொருத்தியின் பிடியில் இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எங்கள் தெருவுக்கு உறைக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று.

இந்தத் தெருவை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புருஷனை விட்டுவிட்டு வந்தவள் என்று தெரிந்ததும் வீட்டு வாடகையைப் பேசுவதற்கு முன்னால் என் ஒழுக்கத்தைப் பேசிய தெரு இது. ஆனால் மற்றதில் எல்லாம் ரொம்ப முன்னேற்றம். எதிர்வீட்டில் சிசிடிவி கேமரா மாட்டினார்கள். மறுநாளே அந்தக் கேமராவுக்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று அதற்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையும் கொடுப்பார்கள், மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். காய்ச்சல் விட்டால் பெயர் மிளகாய்க்கு.

எனக்கு வானத்தைப் பார்க்கும் கிறுக்கு பிடித்தது கண் டாக்டரால். நாள் முழுக்க ஊசிக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வை போய்விடும், சாயங்காலம் கொஞ்ச நேரம் தூரமாக எதையாவது பாருங்கள் என்றார் அவர். அவர் சொன்னது மரம் மட்டையை. நான் மொட்டை மாடிக்குப் போய் மேகமலையைப் பார்த்தேன், பிறகு மலைக்கு மேலே பார்த்தேன், பிறகு மதுரையில் ஒரு கல்லூரிப் பையன் பழசு என்று விற்ற தொலைநோக்கியை வாங்கி வந்து சனி வரைக்கும் போய்விட்டேன்.

போனதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. அந்த வருஷம் சனியின் வளையம் நமக்கு நேர்க்கோடாகத் திரும்பி, மெல்லிசாகத் தெரிகிற வருஷம். பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் அப்படி. மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த ஒரு சனிக்கிழமை, விளக்கு வைத்த கையோடு தெருப் பெண்களை மாடிக்குக் கூப்பிட்டேன். "சனியப் பாக்க வாங்க" என்றே கூப்பிட்டேன். கூப்பிடு தூரத்தில் சனி பகவான் கோயில் உள்ள குச்சனூர் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே போய் எள் விளக்குப் போட்டு, சாமிக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து நான் இதைச் சொன்னேன்.

நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பக்கத்து வீடு, மாமியாரும் மருமகளும். மருமகள் மட்டும்தான் இந்தத் தெருவில் எனக்குப் பிடித்த ஒரே ஜீவன். கல்யாணமாகி ஏழு வருஷம். மத்தியானம் ஆனால் என் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டிக்கொடுப்பாள். குழந்தை இல்லை என்று மாமியார் ஏசியதை எல்லாம் என்னிடம்தான் சொல்லி அழுவாள். அப்போது அவளுக்கு ஐந்தாவது மாசம். ஏழு வருஷம் தவம் கிடந்து வந்த கரு.

அவள்தான் முதலில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "அக்கா, எலுமிச்சம்பழத்துல ஊசி குத்துன மாதிரி இருக்குக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. மஞ்சளாக ஒரு உருண்டை, குறுக்கே ஒரு கோடு.

மாமியார் கிட்டவே வரவில்லை. "ஆத்தாடி, நான் மாட்டேன். குச்சனூர்லயே ஓரமா நின்னுதான் கும்புடுவேன்."

"அங்கன இருக்கது சாமி பெரியம்மா. இங்கன தெரியிறது வெறும் காத்து உருண்டை" என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். அந்தம்மாள் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

இறங்கி வந்ததும் ஆளுக்கொரு எள்ளுருண்டை கொடுத்தேன். தேவாரம் ஊரிலிருந்து வரும் வாடிக்கைக்காரி ஒரு பை கறுப்பு எள் தந்திருந்தாள். வறுத்து, வெல்லம் போட்டு மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, நெய் தொட்டு உருட்டியது. ஐந்து நிமிஷ வேலை. தட்டில் வைத்து நீட்டாமல், ஒவ்வொருத்தி உள்ளங்கையிலும் நானே எடுத்து வைத்தேன். எள்ளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவள் பீடை வாங்கியவளுக்குப் போகும் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் மடியில் முடிந்துகொண்டார்கள். மருமகள் அங்கேயே வாயில் போட்டாள். "வாய்க்கு நல்லா இருக்குக்கா" என்று இன்னொன்று கேட்டாள். அதையும் அவள் கையில் வைத்தேன்.

பத்தாம் நாள் அவளுக்கு உதிரம் பட்டது. தேனிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, கருவுக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, அசையாமல் படுத்திருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள். எனக்கு இதைச் சொன்னது அவள் புருஷன்தான், வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல். பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். "இப்ப வேணாங்க்கா" என்றான்.

மாமியார் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நிற்கவில்லை. கோடாங்கியிடம் போனாள். உடுக்கையடித்துக் குறி சொல்கிற ஆள். இப்போது உடுக்கைச் சத்தத்தைப் போனிலேயே கேட்கலாம், அவ்வளவு வசதி. அந்தம்மாள் முதல்நாளே நடந்ததையெல்லாம் போனில் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள். மறுநாள் அவனுக்கு அருள் வந்தது. "கறுப்பா, உருண்டையா ஒன்னு கைமாறியிருக்கு" என்றான். அந்தக் குரல் சாயங்காலத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. குழுவில் நானும் இருக்கிறேன் என்பதைக்கூட யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஜாக்கெட் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

"சும்மாதாந்த்தா. உடம்பு பெருத்துப் போச்சுல்ல, வேற அளவு தாரேன். அந்தப் பழசக் குடு" என்றாள் முதலில் வந்தவள். அடுத்தவள் அந்தப் பொய்யைச் சொல்லவும் மெனக்கெடவில்லை, கையை மட்டும் நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி ஜாக்கெட்டை உதறி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, செய்வினை வைக்க எங்காவது துண்டு கத்தரித்திருக்கிறேனா என்று தையல் தையலாகப் பார்த்தாள். படித்தவள் அல்லவா, பரிசோதித்துத்தான் நம்புவாள். "அக்குள்ல ஒரு துணுக்கு வெட்டி பூஜையில வச்சிருக்கேன் டீச்சர், வேணும்னா அதையும் தாரேன்" என்றேன். அவள் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு என் வாசலிலேயே கிடந்தது. அந்த வாய்க்கொழுப்பு எனக்குத்தான் வினையாயிற்று. நானே ஒப்புக்கொண்டதாகச் சாயங்காலம் குழுவில் போட்டார்கள்.

ஒரு வாரத்தில் அலமாரி காலி. மிஷின் மேல் துணியைப் போட்டு மூடினேன். ஒரு நாள் காலை வாசலில் எலுமிச்சம்பழம் ஒன்று ஊசி குத்திக் கிடந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு பார்க்க அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியாக உருவினேன். நல்ல ஊசிகள். துடைத்து, எண்ணெய் தொட்டு, ஊசிப் பெட்டியில் சேர்த்தேன். பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்தேன். எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

உள்ளுக்குள் ஒரு தைரியமும் இருந்தது. எல்லோரும் கேட்டு வாங்கிப் போன பிறகும் பக்கத்து வீட்டு மருமகளின் ஜாக்கெட் மட்டும் என்னிடம் இருந்தது. அவள் கேட்டனுப்பவில்லை. அவளாவது நம்புகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மாமியாரே வந்தாள். உள்ளே வரவில்லை, நிலைப்படிக்கு வெளியே நின்றாள். கண் வீங்கியிருந்தது. மறுபடியும் உதிரம் பட்டிருக்கிறது என்றாள். கோடாங்கி வழி சொல்லியிருக்கிறானாம். கொடுத்தவளே திருப்பி வாங்க வேண்டும். மருமகள் தின்ற கணக்குக்கு இரண்டு எள்ளுருண்டையை அவள் இடது கையால் கொடுக்க, நான் வலது கையால் வாங்கி அவள் முன்னாலேயே தின்று, "குடுத்ததை எடுத்துக்கிட்டேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும்.

"பெரியம்மா, நான் ஒன்னும் குடுக்கலயே. தின்பண்டம்தான குடுத்தேன்."

"நீ என்னத்தக் குடுத்தியோ எனக்குத் தெரியாது ஆத்தா. ஏழு வருசத்துப் பிள்ளை. ஒன் கால்ல வேணும்னாலும் விழுகுறேன்."

விழவும் குனிந்தாள். எனக்கு அந்தம்மாள் மேல் இருந்த வெறுப்பு அந்த நிமிஷம்கூடக் குறையவில்லை. இது எனக்கு வைத்த பொறி என்று தெளிவாகத் தெரிந்தது. தின்றால் நான் சூனியக்காரி. தின்னாமல் இருந்து குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையைத் தின்றவள். டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "அவுக சொன்னதையும்தான் செய்யிறோம்" என்றாள்.

போனேன். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அவள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள். ஜன்னல் கம்பி முழுக்க முகங்கள். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், "இதெல்லாம் எதுக்குக்கா, நீங்க போங்க" என்று. அப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்தக் கூட்டத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

"ரெண்டு வாய்தானக்கா. சாப்பிட்டுருங்கக்கா" என்றாள்.

வாங்கினேன். மாமியார் உருட்டியது, பாகு முற்றிக் கல்லாக இருந்தது. மென்றேன். மூன்று தடவை சொன்னேன். முதல் இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மூன்றாவது தடவை எனக்குக் குரல் உடைந்தது. அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, ஒருவேளை என்னிடம் அப்படி ஏதாவது இருந்தால், அது என்னிடமே வந்துவிடட்டும் என்று மனசார நினைத்தேன். அதை நினைத்ததற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

நான் எழுந்தபோது அவள் சொன்னாள், "என் ஜாக்கெட்டையும் குடுத்து விட்டுருங்கக்கா."

உதிரம் நின்றது. அதை நிறுத்தியது படுக்கையும் மாத்திரையும். மாசம் ஏற ஏற நஞ்சுக்கொடி மேலே போய்விடும் என்று டாக்டரம்மா முன்பே சொன்னதுதான். சித்திரையில் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பூந்தி கொடுத்தார்களாம். என் வீட்டுக்கு வரவில்லை. "அவ எடுத்துக்கிட்டா, பிள்ளை பிழைச்சிருச்சு" என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. குழந்தை செத்திருந்தால் சந்தேகத்தோடு விட்டிருப்பார்கள். பிழைத்ததால் நிரூபணமாகிவிட்டது. இப்போது எனக்குத் தையல் பெரியகுளத்திலிருந்தும் தேவதானப்பட்டியிலிருந்தும் வருகிறது, என்னைத் தெரியாதவர்களிடமிருந்து.

போன மாசம் ஒரு சாயங்காலம் மருமகள் என் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். தோளில் குழந்தை, தலையோடு துண்டு போர்த்தியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேச வந்திருக்கிறாள். உள்ளே வா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. ஒன்னே ஒன்னு கேக்கணும். நான் ஒங்களுக்கு என்னக்கா செஞ்சேன்? எனக்கு எதுக்குக்கா அப்பிடிச் செஞ்சீக?"

"ஏ புள்ள, நீயுமா? நான் ஒன்னுமே செய்யலடி."

அவள் கோபப்படவில்லை. கொக்கி கட்டும்போது சந்தேகம் கேட்பாளே, அதே முகத்தோடு கேட்டாள்.

"அப்ப எடுத்துக்கிட்டேன்னு மூணு தரம் சொன்னீகளேக்கா. அழுதுக்கிட்டே சொன்னீக, நான் பாத்தேன். இல்லாதத எப்பிடிக்கா எடுப்பீக?"

நான் வாயைத் திறந்தேன். குழந்தை அசைந்து, துண்டு கொஞ்சம் விலகியது. அவள் சட்டென்று அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, துண்டை இழுத்து மூடிக்கொண்டு, தன் வீட்டுக்குள் போனாள்.