ஆறு நிமிடம் தலைமறைவு

“பெண். உயரம் ஐந்தே முக்கால் அடி. திடகாத்திரமான உடல். கையில் இரும்பு ஆயுதம். சுவரேறிக் குதிப்பதில் தேர்ந்தவர். காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார். நெருங்குகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.”

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, ஏழு போலீஸ் நிலையங்களுக்கு வயர்லெஸ்ஸில் போன அறிவிப்பு இது. இதில் ‘பெண்’ என்ற சொல் மட்டும் உண்மை. தேடப்பட்ட குழாயக்கா நாலே முக்கால் அடிக்கு மேல் ஒரு விரற்கடைகூட வளராதவர். மேல் அலமாரியில் இருப்பதை எடுக்க வீட்டில் அறைக்கு ஒன்றாக முக்காலி போட்டிருக்கிறார். எடை நாற்பத்திரண்டு கிலோ, அதுவும் சட்டைப் பையில் ஸ்பேனர் இருந்தால். கடைசியாக அவர் ஓடியது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில். நாலாவதாக வந்தார். ஓடியவர்கள் நாலு பேர்.

காலை ஆறு மணிக்குத் தெருவில் அவரைப் பார்க்கலாம். ஒரு கை நீளத்துக்கு இரும்புக் கம்பி, அதன் ஒரு முனையில் மரக் கிண்ணம். கம்பியின் நுனியை யாருடைய சுவரிலாவது ஊன்றி, கிண்ணத்தைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு நிற்பார். சுவருக்குள் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கேட்பதுதான் அவர் தொழில். நகராட்சி உரிமம் பெற்ற குழாய்ப் பழுது பார்ப்பவர். இருபத்திரண்டு வருட அனுபவம்.

“ஊரு எந்திரிச்சுக் குழாயத் தொறந்துட்டா ஒரே சந்தக்கடை. அதுக்கு முன்னாடிதான் தண்ணி உண்மையப் பேசும்” என்பார். தண்ணீர் பேசுவதில் அவருக்கு மூன்று ரகம் உண்டு. “முணுமுணுத்தா ஒரு மாசம் தாங்கும். சிணுங்கினா ஒரு வாரம். பாட ஆரம்பிச்சுடுச்சா, அப்புறம் பேச்சே கெடையாது. ஓடணும்.”

இரண்டு செங்கல் தாண்டிக் கேட்கும் இதே காதுக்கு, பக்கத்து அறையிலிருந்து கணவர் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் எட்டும். கணவர் பேருந்து ஓட்டுநர். “நான் மனுஷனாப் பொறந்துட்டேன். குழாயாப் பொறந்திருந்தா என் பேச்சக் கேட்டிருப்பா” என்று அவர் பயணிகளிடம் சொல்லுவார்.

சட்டத்துக்கு இவ்வளவு அடங்கி நடக்கிற ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. வண்டியே வராத சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் குழாயக்கா நின்றுவிடுவார். நூலகப் புத்தகத்தைத் தவணைக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனாலும் அந்தத் தெருவில் அதிக முறை போலீஸ் வண்டியில் ஏறியவர் யாரென்று கேட்டால், குழந்தைகூட அவர் வீட்டைத்தான் கை காட்டும். அந்த வியாழனுக்கு முன் நான்கு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடியிருந்த வங்கியின் பின்சுவரில் காதை வைத்து நின்றார். இன்னொரு தடவை, நீதிபதி ஒருவரின் குளியலறைச் சுவரில். நீதிபதி உள்ளே இருந்தார்.

கணவர் இதற்கென்றே ஒரு பை வைத்திருக்கிறார். துண்டு, பல் துலக்கி, படிக்கிற கண்ணாடி, உரிமத்தின் நகல். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தால், “எந்த செவுரு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பையை எடுப்பார்.

நிலையத்தில் குழாயக்காவுக்குப் பழக்கமானவர் ஏட்டம்மா. பருத்த உடம்பு, வலிக்கிற முழங்கால், வாய் மட்டும் வலிக்காது. “வாடி மகராசி, ரெண்டு மாசமா ஆளக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்” என்றுதான் வரவேற்பு. லாக்கப்பில் விடும்போது ஒவ்வொருவரிடமும் ஏட்டம்மா சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. “இந்தப் பூட்டு பூட்டாது. ஆனா பூட்டின மாதிரி உக்காந்திருக்கணும், தெரிஞ்சுதா?”

எட்டு வருடமாக அந்தப் பூட்டு அப்படித்தான். உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. புதுப் பூட்டு கேட்டு எழுதினால் பழையது எப்படிப் போனது என்று விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எழுதுவதைவிடக் கொக்கியில் சும்மா மாட்டிவைப்பது சுலபம். அதிசயம் என்னவென்றால், பிக்பாக்கெட் முதல் அடிதடி ஆசாமி வரை அத்தனை பேரும் பூட்டின மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். “எண்ணெய் விட்டுத் தரட்டுமா?” என்று குழாயக்கா இரண்டு தடவை கேட்டிருக்கிறார். “நீ கைதிடீ. கைதி வேலையப் பாரு” என்றார் ஏட்டம்மா.

அந்த வியாழன் வித்தியாசமாக விடிந்தது. நிலையத்துக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் மூன்று வீட்டில் திருட்டு நடந்திருந்தது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று சுவரில் காது வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே இறங்குகிற கும்பல் என்று சுற்றறிக்கை சொன்னது. தலைவி ஐந்தே முக்கால் அடி. இன்ஸ்பெக்டர் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. இந்த நேரம் பார்த்துத்தானா, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுச் சுவருக்குள் தண்ணீர் பாடுவது குழாயக்காவின் காதில் விழ வேண்டும்!

மணியை அடித்தார். கதவைத் தட்டினார். ஆளில்லை. இரண்டு பூந்தொட்டிகளைக் கவிழ்த்து ஏறி, சுற்றுச்சுவருக்கு உள்பக்கம் விழுந்து, வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடினார். கதவிடுக்கில் ஒரு சீட்டு செருகினார்: “உங்கள் வீட்டுத் தண்ணீர் மூடியிருக்கிறது. மூடியது நான்தான்.” கீழே பெயர், முகவரி, தொலைபேசி எண். திரும்ப ஏறுவதற்கு உள்ளே பூந்தொட்டி இல்லை. எதிர்வீட்டுக்காரர் அழைத்த போலீஸ்தான் அவரைத் தூக்கி இறக்கியது.

“அட்ரஸ் எழுதி வச்சுட்டுப் போனா சந்தேகம் வராதுன்னு நெனச்சியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல சார், தண்ணி வரலன்னு தேடுவாங்களேன்னு எழுதினேன்.”

“கும்பல்ல எத்தன பேரு?”

“நான் ஒருத்திதான் சார். முன்னாடி ஒரு ஆள் கூட இருந்தாரு, கல்யாணமாகிப் போயிட்டாரு.”

இன்ஸ்பெக்டரின் மேசையில், அவர் முழங்கைக்கு அடியிலேயே ஒரு தாள் கிடந்தது. குழாயக்காவின் கண் அதைவிட்டு நகரவில்லை. உரிமம் மறுநாளோடு முடிகிறது. புதுப்பிக்க, ‘இவர் மீது வழக்கு ஏதுமில்லை’ என்று நிலையத்தில் கையெழுத்து வேண்டும். போன வாரமே கொடுத்த தாள். அதில் கையெழுத்து விழாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு இருபத்திரண்டு வருடம் முடிந்தது. “பேசாம இரு, வாயக் குடுக்காத” என்று கணவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வண்டி ஓட்ட வேண்டிய நேரம். பையோடு மாலைதான் வர முடியும்.

குழாயக்கா வாயைக் கொடுத்தார். “சார், உங்க ரெக்கார்டு ரூம் செவுத்துக்குள்ள ஒண்ணு சிணுங்குது.”

“இவள உள்ள தள்ளுங்க.”

பூட்டிக் கிடந்த வீட்டின் சொந்தக்காரர் விமானத்தில் இருந்தார். நாலு மணிக்கு இறங்கிப் பேசினால்தான் விவரம் தெரியும். அதுவரை லாக்கப். கம்பியும் ஸ்பேனர்களும் வழக்குச் சொத்தாகி, நூல் கட்டிச் சீட்டு தொங்க மேசைமேல் வரிசையாகக் கிடந்தன. பூட்டின மாதிரி உட்கார்ந்தார் குழாயக்கா. சிணுங்கல்தானே, ஒரு வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

மூன்று மணிக்கு ஊர்த் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் விட்டுப்போயிற்று. அழுத்தம் ஏறியது. சுவரில் சாய்ந்திருந்த முதுகே அதைக் கேட்டது. திரும்பிக் காதை வைத்தார். பாட்டு! அதுவும் உச்சக் குரலில்.

“ஏட்டம்மா! சார்! யாராவது வாங்க!”

யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் அந்த வீட்டைச் சோதிக்கப் போயிருந்தார். வாசலில் இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டு, ஓட்டுநர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிலையமே வெளியே போய்ப் பிரித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த ஆரன் சத்தத்தில் குழாயக்காவின் குரல் எம்மாத்திரம்?

சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருடப் புகார்க் காகிதம். அதுகூடப் போகட்டும். பாடுகிற குழாய்க்கு நேர் கீழே மின்சாரப் பெட்டி இருப்பதை அவர் உள்ளே வரும்போதே பார்த்திருந்தார். முழங்கால் வலிக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் ஏட்டம்மா நிலையத்துக்குள் நடப்பார்.

தாழ்ப்பாளில் கை வைத்தார். எடுத்தார். வெளியே கால் வைத்தால் அதற்குப் பெயர் என்னவென்று அவருக்குத் தெரியும். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் தாளில் யாரும் ‘வழக்கு ஏதுமில்லை’ என்று கையெழுத்துப் போட மாட்டார்கள். “ஏட்டம்மா!” என்று இன்னொரு தடவை கத்தினார். சுவர் ஒரு சுரம் மேலே ஏறியது.

“நாசமாப் போக” என்றார் குழாயக்கா. உரிமத்தைச் சொன்னாரா, குழாயைச் சொன்னாரா தெரியாது.

பூட்டு கழன்று வந்தது. மேசையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தார். நூலை அறுக்கவில்லை, அவிழ்த்தார். சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். பின்முற்றத்தில் கல் பலகைக்கு அடியில் வால்வு. எத்தனையோ வருடமாக யாரும் தொடாதது. அசைவேனா என்றது. ஸ்பேனரை மாட்டி, நாற்பத்திரண்டு கிலோவையும் அதன்மேல் தொங்கவிட்டார். உள்ளே காரை உடைந்து விழுகிற சத்தம். தண்ணீர் சீறுகிற சத்தம். இன்னொரு தடவை தொங்கினார். வால்வு ஒரு முனகலோடு திரும்பியது. தலை முதல் கால் வரை சேறு. பாட்டு நின்றது.

சரியாக அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் முன்வாசல் வழியாக வந்தார். திறந்த லாக்கப். காணாமல்போன ஸ்பேனர். மனிதர் வயர்லெஸ்ஸில் பாய்ந்தார். பதற்றத்தில் கைதியின் உயரம் நினைவுக்கு வரவில்லை. எதிரே சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்து வாசித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்தைப் போலீஸ் மறித்தது. “அஞ்சே முக்கால் அடி, திடமான பொம்பள, கைல இரும்பு. ஏறினாளா?” ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “அப்படி யாரும் இல்லீங்க” என்றார், உள்ளம் நிறைந்த உண்மையோடு. இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் அந்த இரும்பு தன் மனைவியுடையது என்று அவருக்கு உறைத்தது.

நாலு காவலர்களோடு இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்கத் திரும்பினார். லாக்கப்பில் குழாயக்கா ஈரம் சொட்ட உட்கார்ந்திருந்தார். மேசையில் ஸ்பேனர், அதில் நூல், நூலில் சீட்டு.

“நீ எப்ப உள்ள வந்த?”

“இப்பதான் சார். பூட்டு மாட்டியிருக்கேன், பாருங்க.”

நாலு மணிக்கு வீட்டின் சொந்தக்காரர் தொலைபேசியில் பேசினார். “திருட்டா? மாடிக் குழாயத் தொறந்து போட்டுட்டு வந்துட்டோமேன்னு வழியெல்லாம் என் பொண்டாட்டி அழுதுட்டே வந்தா சார். அந்தம்மா கால்ல விழணும் நாங்க.” சுவரேறிய வழக்கு அதோடு தீர்ந்தது. மிஞ்சியது தப்பி ஓடிய வழக்கு; அது ஏழு நிலையங்களுக்குப் போய்விட்டது.

ஏட்டம்மா மெல்ல ஆரம்பித்தார். “சார், ஓடிட்டான்னு எழுதினா பூட்டு என்னாச்சுன்னு மேல கேப்பாங்க. பூட்டு பூட்டாதுன்னு எழுதினா எட்டு வருஷமா என்ன பண்ணினீங்கன்னு கேப்பாங்க.”

இன்ஸ்பெக்டர் ரெக்கார்டு அறைக்குப் போனார். தரையெல்லாம் காரை. சுவரில் ஈரம் வழிந்து, மின்சாரப் பெட்டிக்கு ஒரு சாண் மேலே நின்றிருந்தது. அவர் அந்த ஒரு சாணைப் பார்த்தார். பிறகு, பின்னால் வந்து நின்ற ஏட்டம்மாவின் வெறுங்காலைப் பார்த்தார்.

திரும்பி வந்து மேசையிலிருந்த தாளை இழுத்து, ‘வழக்கு ஏதுமில்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்தது. அடுத்து வயர்லெஸ்ஸை எடுத்தார். “தேடப்பட்ட நபர் பிடிபட்டார்” என்று ஒத்திகை பார்த்தார்.

“பிடிபடல சார். யாரும் பிடிக்கலியே” என்றார் குழாயக்கா.

“சரணடைந்தார்?”

“ஏன் சார், அவ என்ன போரா நடத்தினா?” என்றார் ஏட்டம்மா.

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். “நீங்க என்னதாம்மா செஞ்சீங்க? அதையே சொல்லுங்க, அப்படியே படிச்சுடறேன்.”

குழாயக்கா சொன்னார். அவர் எழுதிக்கொண்டு, ஏழு நிலையங்களும் கேட்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தார்:

“லாக்கப்பிலிருந்து வெளியே வந்தார். முற்றத்தில் இருந்த வால்வை மூடினார். திரும்ப உள்ளே போனார். கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டை மாட்டிக்கொண்டார்.”