அவர் போட்டுக் கொடுத்த முடிச்சு

என் கணவர் கோபம் வந்தால் அடிக்க மாட்டார். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவார். வெண்ணந்தூரில் எங்கள் தறிக்கூடத்தில் நாங்கள் இருவர்தான். தறி ஓடும் சத்தத்தில் நான் கத்தினாலும் வெளியே கேட்காது.

செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். குழாயின் நடுவில் கயிறு, கயிற்றின் நுனியில் எடை. குழாயை இரு கைகளாலும் சுருட்டிச் சுருட்டி எடையை மேலே ஏற்றினால் முன்கை இறுகுமாம். ஒரு பழைய குழாயையும், பாவு நூல் தொய்யாமலிருக்கத் தறியில் தொங்கவிடும் இரும்பு எடைக்கல் ஒன்றையும் எடுத்தேன். முடிச்சு மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் கட்டிக் குடுங்க. கை வலிக்கு நல்லதாம்."

"இனி அவுராது, போ" என்று அவரே இறுக்கிக் கொடுத்தார்.

மாதக்கணக்கில், தறி நிற்கும் நேரமெல்லாம் சுருட்டினேன். ஒருநாள் இழை அறுந்ததை நான் கவனிக்காததில் துணி பழுதாகிவிட்டது.

"கண்ணு எங்கடி போச்சு?" என்று கையை நீட்டினார். நான் முந்திக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். உள்ளே நறுக்கென்றது. முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தார்.

"உடு சாமி! கை போச்சு, உடு!"

நான் உடனே விடவில்லை. அவர் அலறியது எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை, வீங்கிய கையோடு உட்கார்ந்து அந்த முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எடை தொங்கித் தொங்கி அது இறுகிப்போயிருந்தது.

"கல்லு தறிக்கு வேணும். கொஞ்சம் அவுத்துக் குடு."

என் விரல்களுக்கு அது ஒரு நொடி வேலை. நான் தறியின் சுவிட்சைப் போட்டேன். அடுத்து அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.