கோவில்பதாகை மண்மேட்டில் ஒரு முழு ஜிப்சம்

காலை 5.50. கொரட்டூரில் லோக்கல் ரயில் ஏறினேன். ஆவடிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கைக்கொத்தும் பழைய டூத் பிரஷ்ஷுமாக ஒரு பெண் எங்கே போகிறாள் என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டே விட்டார். கல் பொறுக்க என்றேன். மனிதர் அதன் பிறகு ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

6.20. ஆவடி ஸ்டேஷன் வாசலில் ராஜாத்தி அக்கா நின்றிருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பல வருஷமாகக் கல் சேர்க்கிறார். அவருடைய அலமாரியில் ஓர் இடம் மட்டும் காலி. இந்தப் பக்கத்துக் களிமண்ணில் கிடைக்கும் ஜிப்சம் படிகம், உடையாமல், கீறல் விழாமல் ஒன்று வேண்டும். கோவில்பதாகையில் ஒரு கட்டடத்துக்காகத் தோண்டிப் போட்ட மண்ணில் அது மினுங்குவதைப் போன வாரம் பார்த்து, மேஸ்திரியிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். பத்து மணிக்கு லாரி வந்து மண்ணை அள்ளிவிடும். அதற்குள் கிடைத்தால் உண்டு.

ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய்.

"இன்னாக்கா, பொதையலா?" என்றார் டிரைவர்.

"கெடச்சா ஒமக்குப் பாதி" என்றார் அக்கா.

"பாதி வேணாம்க்கா, சில்லறையா குடு, அது போதும்."

6.45. மண்மேடு இரண்டு ஆள் உயரம். ஓங்கிக் கொத்தினால் படிகம் போச்சு. கட்டியைக் கையில் எடுத்து, வெல்லம் உடைப்பதுபோல மெதுவாகப் பிளக்க வேண்டும். பிளப்பது அக்கா, பிரிப்பது நான். சேறு பூசியிருக்கும்போது மினுங்குவதெல்லாம் ஒன்றுதான். நகம் பட்டுக் கோடு விழுந்தால் ஜிப்சம். ஆணிக்குத்தான் மசிகிறது என்றால் கால்சைட். கண்ணாடியையே கீறினால் குவார்ட்ஸ். ஐ.டி. கம்பெனியில் எனக்கு டெஸ்டிங் வேலை. எதையும் சோதிக்காமல் விட்டால் தூக்கம் வராது. எடு, கீறு, போடு. ஆபீஸில் ஒரு நாளும் இவ்வளவு சந்தோஷமாகச் சோதித்ததில்லை.

9.10. அங்கே பொக்லைன் ஓட்டும் டில்லி என்பவர் டீ டம்ளரோடு வந்து நின்றார். "ஒரு வாரமா நாந்தான் நோண்டிகினு இருந்தேன், என் கண்ணுல ஒண்ணும் படலியே."

அக்கா ஒரு ஜிப்சம் உடைசலைக் கொடுத்து நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார்.

"இன்னாக்கா, கல்லு சோப்பு மாறி கீது" என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு குந்திவிட்டார்.

9.40. ஒரு கட்டியைப் பிளந்த அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளே விரல் நீளத்தில் தண்ணீர் போன்ற படிகம். நுனிகூட உடையவில்லை.

"பைய, மெதுவா வாங்கு. மண்ணை மட்டும் தொடச்சு வையி" என்று என் கையில் தந்துவிட்டுப் பஞ்சு எடுக்கத் திரும்பினார். துடைத்தேன். மூன்று மணி நேரப் பழக்கத்தில் கை சும்மா இருக்கவில்லை. நகம் குறுக்கே போய்விட்டது. நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

"கீறிட்டியா?" என்றார் அக்கா.

முடி அளவு கீறல் இருந்தாலும் பாகத்தை ஒதுக்கிவிடும் கை அவருடையது. "மன்னிச்சிடுங்கக்கா, கை தானா போயிடுச்சு" என்றேன்.

"ஒரு கோடுதானக்கா. நான் மெஷினை உட்டு நொறுக்குனது எத்தினியோ" என்றார் டில்லி. வந்த லாரியைப் பத்து நிமிடம் காக்கவைத்து அவரும் தேடினார். வேறு முழுசு கிடைக்கவில்லை. மேடு லாரியில் ஏறிவிட்டது.

10.50. குவார்ட்டர்ஸ். அக்கா குழாயடியில் படிகத்தைக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கோட்டுக்குப் பக்கத்திலேயே தன் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரே இழுப்பு இழுத்தார்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"ஒத்தக் கோடுன்னா நீ செஞ்ச தப்பு. ரெண்டு இருந்தா, நாம ரெண்டு பேரும் போயி எடுத்தது" என்று அதைக் காலி இடத்தில் வைத்தார். "வா, இட்லி ஆறுது."

அன்று நான் ஏழு இட்லி சாப்பிட்டேன்.