புகை வரியும் மணல் பெட்டியும்

ஓடாத ரயிலுக்கு வழிகாட்டியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு, வண்டி லேட் என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரு தொல்லையும் உண்டு, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்காதவர் கிடையாது.

கவுண்டருக்குப் பின்னாலோ கம்பிக் கதவுக்கு முன்னாலோ நின்று, ஒரே கேள்விக்கு ஆயிரம் தடவை பதில் சொல்லித் தொண்டை வறண்ட புண்ணியவான்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் அந்துவான். எங்கள் புதுச்சேரியில் ஒரு வேப்பமரத் தோப்புக்குள் கொஞ்சம் தண்டவாளம் போட்டு, இரண்டு நீராவி எஞ்சின், ஒரு டீசல் எஞ்சின், பழைய பயணிகள் பெட்டி ஒன்று என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூரை கிடையாது. வெயில், மழை, காக்கை மூன்றும் சீட்டு இல்லாமல் உள்ளே வரும். சீட்டு வாங்கி வருகிறவர்களுக்கு அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவது என் வேலை. எஞ்சினில் எழுதியிருப்பதோ ஒரே ஒரு நம்பர். அதைப் படித்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். மீதி இருபத்தொன்பது நிமிஷம் வந்தவரை என்ன செய்வது? அங்கேதான் என் சேவை ஆரம்பமாகிறது.

ஜன்னல் ஓரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேதராப்பட்டு கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பயணிகள் பெட்டியில் ஏறி, ஜன்னல் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் தலையை வெளியே நீட்டி, “தாத்தா, இது எப்போ கெளம்பும்?” என்றாள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்து, “இன்னும் சிக்னல் விழலம்மா” என்றேன்.

சாப்பிட்டார்கள். சிரித்தார்கள். இரண்டு பேர் பக்கத்துத் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினார்கள். சாயங்காலம் இறங்கி வந்தபோது, “இன்னாம்மா, ஊரு வந்துடுச்சா?” என்று சீண்டினேன். மூத்தவள் முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்: “எங்க பஸ்ஸு போவுது, உக்கார எடமில்ல. இது போவல, ஆனா உக்காந்துகினு வந்தோமில்ல தாத்தா!”

எலுமிச்சம்பழம்

கேட்டில் சீட்டுக் கிழிப்பவன் ஏழுமலை. எங்கள் ஊர் பிரெஞ்சு வழக்கப்படி என்னை ‘முசியே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவான். பக்திமான். ஆயுத பூஜையன்று மூன்று எஞ்சினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டான். கற்பூரம் காட்டி முடிந்தபிறகுதான் விஷயம் உறைத்தது. வண்டியை நகர்த்தினால்தானே பழம் நசுங்கும்? நசுங்கினால்தானே திருஷ்டி போகும்? நீராவி எஞ்சின் இரண்டில் பெரியது நகர்ந்து எத்தனை காலம் ஆயிற்றோ!

நானும் அவனும் வேடிக்கை பார்க்க வந்த நாலு பேரும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தோம். என் இடுப்புதான் நகர்ந்தது. மறுநாள் நான் வந்து பார்க்கிறேன், பழமெல்லாம் எஞ்சினுக்கு மேலே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. கேட்டதற்கு ஏழுமலை சொன்னான்: “வண்டி பழத்து மேல ஏற மாட்டேன்னிடுச்சு முசியே, அதான் பழத்த வண்டி மேல ஏத்திட்டேன்.”

தொப்பி செய்த சதி

உங்களிடம் மறைப்பானேன். நான் ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை செய்தவன் இல்லை. பஞ்சாலையில் நூல் மூட்டை கட்டினவன். இங்கே சேர்ந்தபோது ஒரு நீலத் தொப்பியும் விசிலும் கொடுத்தார்கள். தொப்பியைத் தலையில் வைத்த மறு நிமிஷம் ஒருவர் என்னைப் பார்த்து, “டிரைவரா இருந்தீங்களா ஐயா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருக்குமே என்ற இரக்கம்தான்.

பெரிய எஞ்சினின் புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி உண்டு. காக்கை கூடு கட்டுகிறதென்று ஏழுமலை எண்ணெய் டின்னை வெட்டிச் செய்து போட்டது. ஒருநாள் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு சொல்தா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கைத்தடி, வெள்ளை பேண்ட், விறைப்பான முதுகு. “அந்த மூடி எதுக்கு முசியே?” என்றார்.

காக்கைக்கு என்று சொல்லியிருக்கலாம். தொப்பி விடவில்லை. “பிரெஞ்சுக்காரன் காலத்துல எல்லைல சுங்கம் இருந்துச்சு இல்லீங்களா, மூட்டை முடிச்செல்லாம் அவிழ்த்துப் பார்ப்பாங்களே? அதுல ஒரு அதிகாரி, இங்கிலீஷ்காரன் கரில வந்த புகை எங்க மண்ணுல எறங்குறதுன்னா வரி கட்டணும்னுட்டார். அதனால டிரைவர் எல்லைல மூடியப் போட்டுட்டு, புகைய உள்ளயே அடக்கி வச்சுகினு, ஸ்டேஷன் வரைக்கும் வருவார். திரும்பி எல்லையத் தாண்டினப்புறந்தான் தொறந்து விடுவார்.”

சொல்தா கைத்தடியை ஊன்றி மூடியை அண்ணாந்து பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. நேரே ஏழுமலையிடம் போய்ப் பார்வையாளர் நோட்டை வாங்கி, புகை வரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “எங்க அப்பா அந்தச் சுங்கத்துலதான் இருந்தாரு முசியே. இதப்பத்தி வீட்டுல ஒரு வார்த்தை வுட்டதில்ல. கடமைல அவ்ளோ கண்டிப்பு!”

நீ எந்த ஷெட்டு?

அதற்குப் பிறகு புகை வரிக்கு நல்ல கிராக்கி. ஒவ்வொரு கோஷ்டிக்கும் கொஞ்சம் உப்பு, காரம் கூட்டிச் சொல்வேன். அவர்களும் மறக்காமல் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். எழுத்துப் பிழை வராமல் நானே பக்கத்தில் நின்று உதவி செய்வதுண்டு.

ஒரு தடவை விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவர், மனைவியோடு வந்தார். கதை முழுக்கக் கைகட்டிக் கேட்டார். முடிந்ததும், “நீ எந்த ஷெட்டுல இருந்த?” என்றார். எனக்குத் தெரிந்த ஒரே எஞ்சின் கொட்டகை அதுதான் என்பதால், “விழுப்புரம் லோகோ ஷெட்டுங்க” என்று அடித்துவிட்டேன். “நானும் அங்கதான். ரிட்டையர் ஆவுற வரைக்கும் பயர்மேன், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவன். ஒன்னப் பாத்த மாதிரியே இல்லியே?” தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். “அப்பல்லாம் மொகத்துல கரி அப்பியிருக்கும் இல்லீங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து எஞ்சின்மேல் ஏற்றினார். கொதிகலனின் முதுகில் கும்பம் மாதிரி இருப்பது மணல் பெட்டி என்று காட்டினார். மழையிலும் மேட்டிலும் சக்கரம் வழுக்கினால், அங்கிருந்து குழாய் வழியாகத் தண்டவாளத்தில் மணலைக் கொட்டித்தான் வண்டி நகருமாம். கரி அள்ளும் வாரியைக் கழுவி, நெருப்புப் பெட்டிக்குள் நீட்டி, அதிலேயே முட்டை பொரித்துச் சாப்பிடுவார்களாம். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இவ்வளவு நாள் நான் இட்டுக்கட்டியதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா? காட்டிக்கொடுத்து விடாதீர்கள் என்று மெல்லக் கெஞ்சினேன். பெரியவர் கீழே நின்ற மனைவியைக் காட்டிச் சொன்னார்: “நாப்பது வருஷமா நான் எஞ்சினப் பத்திப் பேசினா கொட்டாவி வுடுவா, நீ பேசினா வாயப் பொளந்து கேக்குறா, போ, போயி அடுத்த பொய்யச் சொல்லு.”

தாக்கீது

எல்லாருமே விழுப்புரத்துப் பெரியவராக இருப்பார்களா? மூலக்குளத்திலிருந்து வந்த சரித்திர வாத்தியார் ஒருவர், புகை வரியைக் கேட்டுவிட்டு, நாலு பக்கத்துக்குப் புகார் எழுதி மேலே அனுப்பிவிட்டார். அப்போதுதான் எங்களுக்குப் புதுப் பொறுப்பாளராக ஜெயந்தி மேடம் வந்திருந்தார். வேறு ஏதோ இலாகாவிலிருந்து மாற்றலாகி வந்தவர். எஞ்சினுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் கண்டிப்பானவர்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் விவரப் பலகை வைக்கப்போவதாகச் சொன்னார். இரண்டு வாரம் ஆகும். அதுவரை நான் வாயைத் திறந்தால் உண்மை மட்டும்தான் வரவேண்டும். பலகை வந்தபிறகு, அதில் இருப்பதை மட்டும்தான் சொல்லவேண்டும். மீறினால் தொப்பியையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வீட்டில் மருமகள், நான் பேச ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறவள். அந்தப் பகல்களை நினைத்ததுமே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டேன். மேடம் பார்வையாளர் நோட்டுகளையெல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தார். இன்னும் எத்தனை புகார் இருக்கிறது என்று தேடத்தான் என்று நினைத்தேன். வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னார்: “எழுத்துல இருக்கிறதுதான் சரித்திரம், வாயில வர்றது வெறும் பேச்சு. புரிஞ்சுதா அந்துவான் ஐயா?”

உண்மை பேசிய பதினைந்து நாள்

புண்ணியவான்களே, பொய் சொல்லிப் பிழைப்பது சுலபம். உண்மையைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். முதல் நாள் வந்த ஒரு குடும்பத்துக்கு மணல் பெட்டியைக் காட்டினேன். குடும்பத் தலைவர் தன் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த கோஷ்டிக்கு வாரியில் முட்டை பொரித்ததைச் சொன்னேன். ஒருத்தன், “ஆம்லெட்டா, ஆஃப் பாயிலா தாத்தா?” என்று கேட்க, எல்லாரும் கைதட்டிவிட்டு அடுத்த எஞ்சினுக்குப் போய்விட்டார்கள். நோட்டு வேறு மேடத்திடம் போய்விட்டது. எழுதவும் ஆளில்லை.

பதினைந்தாம் நாள் ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். மணலை நம்பவைக்காமல் விடக்கூடாதென்று ஒரு வெறி எனக்கு. குழாயைத் தொட்டுக் காட்டினேன். அது சக்கரத்துக்கு முன்னால் வந்து முடிவதையும் குனிந்து காட்டினேன். குழாயைத் தட்டியதில் பழைய மணல் கொஞ்சம் உதிர்ந்துகூட விழுந்தது. மனுஷர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகும்போது ஏழுமலையிடம் கேட்டுவிட்டுப் போனாராம்: “அந்தப் பெரியவர் ராத்திரியோட ராத்திரியா மணலக் கொண்டாந்து கொட்டி வைக்கிறாரே, நீங்க யாரும் கவனிக்கிறதில்லையா?”

பலகை வந்தது

பச்சைப் பெயிண்ட், வெள்ளை எழுத்து, இரும்புக் கால். பெரிய எஞ்சினுக்கு முன்னால் நட்டார்கள். முடிந்தது என் கதை என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படிக்கப் போனேன். ‘பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் எல்லையில் புகைக்கும் சுங்க வரி விதிக்கப்பட்டதால், இதன் புகைபோக்கிக்குத் தனி மூடி அமைக்கப்பட்டது’ என்று ஆரம்பித்தது பலகை. கீழே மூடியின் படம் வேறு. எண்ணெய் கம்பெனியின் பெயரில் பாதி அதில் தெளிவாகத் தெரிந்தது. மணலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஓடினேன் மேடத்திடம். “மேடம், அந்தப் புகை வரி... அது நான் சொன்ன பொய்ங்க. மூடி ஏழுமலை போட்டது.” இத்தனை வயதில் நானாக ஒப்புக்கொண்ட முதல் பொய் அது. மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அலுவலகக் கோப்பில் எஞ்சினின் நம்பரும் எடையும்தான் இருந்தனவாம். புகாரில் இருந்ததோ ஒரே ஒரு கையெழுத்து. பார்வையாளர் நோட்டிலோ, வெவ்வேறு ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், பக்கம் பக்கமாக ஒரே தகவலை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் சுங்க அதிகாரியின் மகன். மேடம் தொப்பியை என் தலையில் வைத்துக்கொள்ளும்படி சைகை காட்டிச் சொன்னார்: “ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்தீங்க, மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களே! இனிமே பலகைல இல்லாத ஒரு வார்த்தை ஒங்க வாயில வரக்கூடாது.”

வாத்தியாரின் தீர்ப்பு

ஒரு வாரம் கழித்து மூலக்குளம் வாத்தியாரே மறுபடி வந்தார். தம் புகாருக்கு என்ன நடவடிக்கை என்று பார்க்கத்தான். இவர் பலகையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டால், பலகையோடு சேர்த்து என்னையும் பிடுங்கிவிடுவார்களே! தூரத்தில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்து தோளைத் தட்டினார். “தப்பா நெனைச்சுக்காதீங்க பெரியவரே. நீங்க சொன்னப்போதான் பொய் மாதிரி இருந்துச்சு. இப்படி எழுதிப் போட்டா யாரு சந்தேகப்படப் போறா?”

இப்போது யார் வந்தாலும் பலகையை ஒப்பித்துவிட்டு, மணல் பெட்டியைக் காதோடு காதாக மட்டும் சொல்லி, மேடம் திருப்பிக் கொடுத்த நோட்டில் அதைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் போகும்படி கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பலகைக்காவது ஆகட்டுமே. பொய் சொன்னதற்காகப் போகவிருந்த வேலை, உண்மையைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் எனக்கு நிரந்தரமாகிவிட்டது.