குதிரை என் பின்னால் வந்த நாள்

தொண்ணூறுகளின் பாதியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலியானது. மூன்று பேரின் பெயர் மேலே போயிருந்தது. இரண்டு ஆண்கள், நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், டிப்ளமோவும் முடித்திருந்தேன். அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். மேனேஜருக்கோ வேறு யோசனை. நாற்பது பேரை வேலை வாங்குகிறவருக்கு மனிதர்களோடு பழகத் தெரிய வேண்டும், அதைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்றார். வெள்ளானூர்ப் பக்கம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குதிரைகளை வைத்து அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். ஒரு சனிக்கிழமை மேனேஜர் எங்கள் மூவரையும் ஜீப்பில் அங்கே அழைத்துப் போனார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். வேலி போட்ட திடலில் ஒரு பழுப்புக் குதிரையை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். கயிறு கூடாது, தீனி கூடாது. நாம் நடந்தால் அது தானாகப் பின்னால் வர வேண்டும். வாயால் அதட்டிவிட்டு உள்ளுக்குள் பயப்படுகிறவரைக் குதிரை கண்டுபிடித்துவிடும், லைனில் நிற்கிற ஆட்களும் அப்படித்தான் என்றார் பயிற்சியாளர். முதலில் போனவர் கையைத் தட்டினார். குதிரை வேலியோரம் ஒதுங்கியது. அடுத்தவர் கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டார். அது திரும்பி நின்று லத்தி போட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு என் முறை.

எனக்கு வழி தெரியும். அப்பா பூந்தமல்லியில் ஜட்கா வண்டி ஓட்டியவர். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு தடவை சொடுக்கினால் எங்கள் குதிரை எங்கிருந்தாலும் வந்து தோளருகே நிற்கும். எட்டு வயதில் எனக்கும் அது கைவந்துவிட்டது. பள்ளிக்குப் போகும் வழியில் பையன்கள், "டேய், ஜட்கா வந்துகினு கீது, வயி உடுங்கடா" என்பார்கள். அதோடு அந்தச் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டேன். வேலைக்கான படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று எழுதியவள் நான். மேனேஜர் பார்க்க, அந்த இரண்டு பேர் பார்க்க, வண்டிக்காரர் மகளாக நாக்கைச் சொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கை கழுவப் போனபோது தீனிக் கொட்டகையில் குதிரைகளுக்கு வைத்திருந்த வெல்ல டப்பா கண்ணில் பட்டது. ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் நசுக்கித் தேய்த்துக்கொண்டேன்.

திடலில் நடந்தேன். நாலைந்து அடியில் குதிரையின் மூச்சு விரல்களில் பட்டது. மறுகோடி வரைக்கும் என் கையை முகர்ந்தபடியே வந்தது. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அது பணிவாகத் தலையைத் தாழ்த்தி வருவதாகத் தெரிந்திருக்கும். மேனேஜர் கை தட்டினார்.

பயிற்சியாளர் குதிரையைத் தட்டிக்கொடுத்தபோது அதன் உதடு பிசுபிசுத்தது. விரலை முகர்ந்து பார்த்தார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டார். அப்பா வயது இருக்கும் அவருக்கு. பயிற்சி நாளில் வெல்லம் கொடுக்காதே என்று எத்தனை முறை சொல்வது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நான் குடுக்கல சார்."

"அப்ப குதிரையே டப்பாவத் தொறந்து எடுத்துக்கிச்சா?"

அந்த இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். குதிரைக்காரரின் பார்வை என் கைக்கு வந்தது. திட்டு முடியும்வரை தலையைக் குனிந்து நின்றார். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்றார் பயிற்சியாளர்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். வெல்லம் தின்றிருந்தாலும் இந்தப் பெண்ணிடம்தானே வந்தது என்று மேனேஜர் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

குதிரையை நடத்திக்கொண்டு என்னைக் கடந்தபோது குதிரைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "கைய கய்விக்கமா. ஈ மொய்க்குது."

வேலை எனக்குக் கிடைத்தது. சில மாதம் கழித்து அடுத்த குழுவை அழைத்துக்கொண்டு சூப்பர்வைசராக அங்கே போனேன். குதிரையைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் நின்றார். பழையவர் எங்கே என்று கேட்டிருப்பேன்; எதற்குக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? கேட்கவில்லை. பயிற்சியாளர் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். குதிரையின் நம்பிக்கையை எப்படிப் பெற்றீர்கள் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். பத்து நிமிடம், தடுமாறாமல், நல்ல தமிழில் பேசினேன்.